பதினாறு ஓட்டை, ஒரு புள்ளி

கோவை கணபதியில் ஒரு சின்ன பம்ப் பட்டறை. 350 சைஸ் டெலிவரி ஃபிளாஞ்சுக்காக, அதாவது பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கம் குழாயை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டுக்காக, ஓட்டைகளின் இடத்தைக் குறிக்க லேசரில் வெட்டி வந்த டெம்ப்ளேட் தகட்டை, ரேடியல் டிரில்லிங் மிஷின் ஓட்டுகிற அண்ணன் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"ஏனுங், இதுல ஒரு பல்லு விழுந்திருக்குதுங்களே."

எண்ணிப் பார்த்தால் ஓட்டை பதினாறும் இருந்தன. பிசிடி, அதாவது ஓட்டை மையங்கள் எல்லாம் நிற்கும் வட்டத்தின் விட்டம், 460 எம்எம், சரி. ஓட்டை அளவு 22, அதுவும் சரி. ஆனால் பதினைந்து இடைவெளி 88 எம்எம் சுமார் இருக்க, கடைசி ஓட்டைக்கும் முதல் ஓட்டைக்கும் நடுவே மட்டும் 119 எம்எம். எல்லாமே 89.7 வந்திருக்க வேண்டும். பக்கத்தில் கிடந்த வால்வின் ஃபிளாஞ்சு மேல் தகட்டை வைத்து எம்20, அதாவது 20 எம்எம் போல்ட்டைப் போட்டார்கள். முதல் ஓட்டையில் இறங்கியது, அடுத்ததில் நின்றுவிட்டது. திருப்பித் திருப்பி வைத்தும் இரண்டு மூன்றுக்கு மேல் ஏறவில்லை.

நல்லவேளை, கெட்டது தகடு மட்டும்தான். காஸ்டிங்கில் டிரில் இறங்கியிருந்தால் கதையே வேறு.

எனக்குப் போன் வந்ததற்குக் காரணம் உண்டு. தகடு வெட்டக் கொடுத்த படத்தை வரைந்தது, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளுக்குள் ஓடும் ஒரு குட்டி லிஸ்ப் நிரல். ஆட்டோகேட்டுக்குள் இருக்கும் லிஸ்ப் மொழிக்கு ஆட்டோலிஸ்ப் என்று பெயர். எஃப்எல் என்று தட்டினால் ஃபிளாஞ்சு வட்டமும் ஓட்டைகளும் வந்து விழும். அதன் விதை என்னுடையது. பல வருஷங்களுக்கு முன் டிராஃப்ட்ஸ்மேன்களுக்கு ஆட்டோலிஸ்ப் வகுப்பு எடுத்தபோது போர்டில் எழுதிக் காட்டிய உதாரணம். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்தான் இந்தப் பட்டறையின் டிராஃப்ட்ஸ்மேன் அண்ணன். நோட்டில் எழுதிக்கொண்டு போய், அவருக்கு வேண்டியதைச் சேர்த்து, இத்தனை காலமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். என் கைவேலையை நானே சோதிக்கப் போன கதை இது. கோடு வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்துதான்.

நில்

வாட்ஸ்அப்பில் வந்த நிரலை என் மடிக்கணினியில் ஏற்றி எஃப்எல் தட்டினேன். மையம் கேட்டது, பிசிடி கேட்டது, எத்தனை ஓட்டை என்று கேட்டது. பதில் சொன்னதும், "எரர்: பேட் ஆர்குமெண்ட் டைப்: நம்பர்பி: நில்" என்று சொல்லிப் படுத்துக்கொண்டது.

ஆட்டோலிஸ்ப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வரி வீட்டு வாசற்படி மாதிரி. எண் வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை என்று பொருள். ஒரு மாறிக்கு மதிப்பே கொடுக்காமல் அதை வகுக்கவோ கூட்டவோ போயிருக்கிறோம். எந்த மாறி என்றுதான் செய்தி சொல்லாது. அதற்குக் கட்டளை வரியிலேயே வழி இருக்கிறது: ஆச்சரியக்குறி போட்டு மாறியின் பெயரைத் தட்டினால் அப்போதைய மதிப்பைக் காட்டும். ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஹெச் என்கிற மாறி நில் என்றது. ஓட்டையின் விட்டம் அது. நிரல் முழுக்கத் தேடினேன், ஹெச்சுக்கு மதிப்பு கொடுக்கும் வரி எங்கேயும் இல்லை.

அண்ணனைக் கூப்பிட்டேன். "இங்க நல்லாத்தானுங்க ஓடுது, பத்து வருஷமா ஓடுது" என்றார். நேரில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல ஒரு ஃபிளாஞ்சு வரையச் சொன்னேன். படம் திறந்ததும் முதல் வேலையாக பிடி என்று தட்டினார். போல்ட் அட்டவணை போடும் வேறொரு நிரல் அது. பிறகுதான் எஃப்எல். அந்த போல்ட் நிரல் சைஸைக் கேட்டு, ஓட்டை விட்டத்தை ஹெச்சில் வைத்துவிட்டு, திருப்பி எடுக்காமல் போய்விடுகிறது. எஃப்எல் அந்த மிச்சத்தை எடுத்து உண்கிறது. ஒன்றை நம்பி இன்னொன்று இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. கைப்பழக்கத்தில் வரிசை மாறாமல் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நிரலுக்குப் பெயர் வைக்கும் டெஃபனுக்குப் பின் வரும் அடைப்புக்குள் ஒரு சாய்கோடு போட்டு, அதற்கு அப்புறம் எழுதும் பெயர்கள்தான் அந்த நிரலுக்குள் மட்டும் வாழும். எழுதாமல் விட்டவை எல்லாம் படம் மூடும் வரை ஊருக்குப் பொது. அண்ணனின் எந்த நிரலிலும் சாய்கோடே இல்லை. என் வகுப்பு உதாரணத்திலும் இல்லை என்பதை நோட்டைப் புரட்டிக் காட்டினார், சிரித்துக்கொண்டே.

"ஒரே படத்துல ரெண்டு சைஸ் போட்டீங்கன்னா?" என்று கேட்டேன். சித்த நேரம் யோசித்தார். "ஒருக்கா ஆச்சுங்க. நூறு சைஸ் ஃபிளாஞ்சுல இருநூறோட ஓட்டை வந்துருச்சு. நான்தான் மறந்துபோய் தப்பா குடுத்துட்டேன்னு நெனச்சுட்டனுங்க."

இந்த விஷயத்துக்கும் பல் விழுந்த தகட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அரை நாள் இதில் போனது.

360-ஐ 16-ஆல் வகுத்தால்

தகட்டைக் கெடுத்தவை இந்த வரிகள்:

(செட்க்யூ எஸ் (/ 360 என்))
(செட்க்யூ ஏ (/ எஸ் 2))
(ரிப்பீட் என்
  (கமாண்ட் "சர்க்கிள்" (போலார் சி (* ஏ (/ பை 180)) (/ பி 2)) (/ ஹெச் 2))
  (செட்க்யூ ஏ (+ ஏ எஸ்)))

செட்க்யூ மாறிக்கு மதிப்பு கொடுக்கும். "என்" என்பது ஓட்டை எண்ணிக்கை, சி மையம், பி பிசிடி. எஸ் என்பது ஓட்டைக்கு ஓட்டை கோணம். ஏ என்பது முதல் ஓட்டையின் கோணம். சென்டர் கோட்டின் மேல் ஓட்டை விழக்கூடாது, கோடு இரண்டு ஓட்டைக்கு நடுவில் போக வேண்டும் என்பது ஃபிளாஞ்சு வழக்கம், அதனால் பாதி இடைவெளியில் ஆரம்பிக்கிறது. முதல் வரி என்னுடையது, இரண்டாவது அண்ணன் சேர்த்தது.

கட்டளை வரியில் (/ 360 16) என்று தட்டினேன். 22 என்று பதில் வந்தது. 22.5 இல்லை.

வகுபடும் எண், வகுக்கும் எண் இரண்டுமே முழு எண்ணாக இருந்தால் ஆட்டோலிஸ்ப் விடையையும் முழு எண்ணாகவே தரும், பின்னத்தை வெட்டிவிடும். ஓட்டை எண்ணிக்கையைக் கெட்இன்ட் கேட்டு வாங்குவதால் அது எப்போதும் முழு எண். பிசிடியைக் கெட்ரியல் வாங்குகிறது, 295 என்று தட்டினாலும் 295.0 ஆகிவிடும், அதனால் அதன் பாதி 147.5 சரியாக வந்தது. வட்டம் போடும் வரியில் பை வந்துவிடுவதால் அங்கேயும் தசமம் தானாக ஒட்டிக்கொள்கிறது. பார்க்கிற கண்ணுக்கு இது ஏதோ தசமக் கணக்கு மாதிரியே தெரிகிறது. வெட்டு விழுந்தது முதல் வரியிலேயே.

கணக்கு இப்படி ஓடியிருக்கிறது: முதல் ஓட்டை 11 டிகிரியில், பிறகு 22, 22 ஆகப் போய், பதினாறாவது 341-இல். அங்கிருந்து முதல் ஓட்டைக்கு 30 டிகிரி. விழுந்த பல் அதுதான். 460 பிசிடியில் முதல் ஓட்டை இருக்க வேண்டிய இடத்திலிருந்து 1 எம்எம், அடுத்தது 3 எம்எம் என்று விலகிக்கொண்டே போய், கடைசி ஓட்டை 31 எம்எம் தள்ளி நிற்கிறது.

எல்லா லிஸ்ப்பும் இப்படிச் செய்யாது. காமன் லிஸ்ப்பில் இதையே தட்டினால் 45/2 என்று பின்னமாகவே தரும், துளி கூட இழக்காது. ஸ்கீமும் அப்படித்தான். ஈமேக்ஸ் லிஸ்ப் நம் பக்கம், 22 என்று வெட்டும். ஆட்டோலிஸ்ப் பிறந்தது எக்ஸ்லிஸ்ப் என்கிற சின்ன லிஸ்ப்பிலிருந்து. 1986-இல் ஆட்டோகேட் 2.18-உடன் வந்தபோது இருந்த கணினிகளின் நினைவகத்தில் பின்ன எண்ணுக்கெல்லாம் இடம் தேடியிருக்க முடியாது. இதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். கையேட்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், மெக்கானிக்கல் படித்தவர், எனக்கு முன்பே இந்த நிரலை இரண்டு தடவை வரி வரியாகப் படித்திருந்தார். கண்டுபிடிக்கவில்லை. படித்ததெல்லாம் பைத்தான் 3. அங்கே ஒற்றைச் சாய்கோடு போட்டு 360-ஐ 16-ஆல் வகுத்தால் 22.5 தான் வரும். கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டது. பைத்தான் 2 காலத்து ஆள் யாராவது பார்த்திருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பார்.

ஏன் இத்தனை வருஷம் தெரியவில்லை

ஃபிளாஞ்சு ஓட்டைகள் நான்கின் மடங்கில்தான் வரும். 4 என்றால் 90, 8 என்றால் 45, 12 என்றால் 30. மூன்றும் மீதியில்லாமல் வகுபடுகின்றன. இந்தப் பட்டறை அதுவரை போட்ட பம்புகள் 300 சைஸுக்கு மேல் போனதில்லை. பிஎன் 10 என்ற அழுத்த வகுப்பின் ஃபிளாஞ்சு அட்டவணையில் 300-க்கு 12 ஓட்டை. 350 போனால்தான் 16. அந்த ஆர்டர் இப்போதுதான் வந்தது. நான் வகுப்பில் காட்டிய உதாரணங்கள் 6, 8. இரண்டும் வகுபடுபவை. 7 என்று ஒரு தடவை தட்டிக் காட்டியிருந்தால் அன்றைக்கே வெளுத்திருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, என் கணக்கில் அதுதான் பெரியது. மூன்று வருஷத்துக்கு முன்வரை டெம்ப்ளேட் தகடு என்ற ஒன்றே இங்கே கிடையாது. படத்தைப் பேப்பரில் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் "8 ஓட்டை, சம இடைவெளி" என்று குறிப்பு இருக்கும். டிரில்லிங் அண்ணன் குறிப்பைப் படித்துவிட்டு, படத்தில் வட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கவே மாட்டார். டிவைடரை எடுத்து அவரே பிரித்து, பஞ்ச் போட்டு, துளை போடுவார். நிரல் எங்கே வட்டம் போட்டாலும் இரும்பில் ஓட்டை சரியான இடத்தில்தான் விழும். லேசருக்குப் போக ஆரம்பித்ததும் டிஎக்ஸ்எஃப் என்ற படக் கோப்பு நேராக மிஷினுக்குப் போனது. லேசருக்குக் குறிப்பு படிக்கத் தெரியாது, வட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே வெட்டும். அலங்காரமாக இருந்த வட்டங்கள் அன்றைக்கு அளவுகளாக மாறின. நிரலில் ஒரு எழுத்துக்கூட மாறாமல், அதன் வேலை மாறிவிட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, எனக்கு யாரும் சொல்லவும் இல்லை, சொல்லியிருந்தாலும் நான் நிரலைத் திறந்து பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

எட்டு ஓட்டை

16 ஓட்டைக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, தம்பி இரண்டாவது வரியில் விரல் வைத்தார். "சார், எட்டுக்கு எஸ் 45 சரி. ஆனா அதுல பாதி?"

45-ஐ 2-ஆல் வகுத்தால் 22.5. ஆட்டோலிஸ்ப்பில் 22.

அந்த நிமிஷம் வரை 8 ஓட்டை ஃபிளாஞ்சுகள் சுத்தமானவை என்றே எல்லோரும் நினைத்திருந்தோம், நான் உட்பட. இடைவெளி எல்லாம் துல்லியமாக 45. ஆனால் மொத்த வட்டமும் அரை டிகிரி சுழன்றிருக்கிறது. தகட்டின் மேல்புறத்தில் சென்டர் கோட்டுக்காக ஒரு சின்ன வெட்டு உண்டு. காஸ்டிங்கின் சென்டர் கோட்டோடு அதைப் பொருத்தித்தான் பஞ்ச் போடுவார்கள். அந்த வெட்டிலிருந்து பார்த்தால் எட்டு ஓட்டையும் அரை டிகிரி பிசகு.

200 சைஸ், பிஎன் 10: பிசிடி 295, ஓட்டை 22, போல்ட் எம்20. அரை டிகிரி என்றால் அந்த வட்டத்தில் 1.3 எம்எம். போல்ட்டுக்கும் ஓட்டைக்கும் 2 எம்எம் இடம் இருக்கிறது, அதற்குள் இது ஒளிந்துகொள்ளும். வெளியிலிருந்து வரும் வால்வோடு மாட்டினால் கொஞ்சம் இழுத்துப் பிடித்து ஏறிவிடும்.

ஆனால் இரட்டை பம்ப் செட்டுக்கு, இரண்டையும் இணைக்கும் காமன் ஹெட்டர் பைப் இவர்களே செய்கிறார்கள். அதன் ஃபிளாஞ்சுக்கும் இதே தகடு. இரண்டு ஃபிளாஞ்சும் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும்போது, இந்தப் பக்கம் வலதுக்குச் சுழன்றது அந்தப் பக்கம் இடதுக்குச் சுழன்றதாகிவிடும். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. பிசகு கழியாது, ஒன்றோடொன்று கூடும். 1.3-உம் 1.3-உம் 2.6. இடமோ 2. போல்ட் ஏறாது.

ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் சொன்னது அப்படியே: "எட்டு ஓட்டை ஹெட்டர்னாலே அரம் எடுத்து வெச்சுக்குவேனுங்க. வெல்டிங்ல இழுத்துருக்கும்னு நெனச்சேன்." பன்னிரண்டு ஓட்டையில் அப்படி இல்லையா? "அது சும்மா விழுகுமுங்க." 30-இல் பாதி 15. வெட்ட ஒன்றும் இல்லை.

மூன்று வருஷமாக வெல்டர் திட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரே காரணம், இரண்டு முகம். பெரிதாக உடைந்தது முதல் நாளே அகப்பட்டது, சின்னதாகக் கோணியது அரத்துக்குப் பின்னால் மூன்று வருஷம் பிழைத்தது. 24 ஓட்டை எப்போதாவது போட்டிருந்தால் அதிலும் இதே அரை டிகிரி இருந்திருக்கும், 15-இல் பாதி 7.5, வெட்டினால் 7.

இரண்டையும் சரிசெய்ய வேண்டியது ஒரே ஒரு இடம். 360 என்பதை 360.0 என்று எழுதினால் போதும். எஸ் தசமமாகிவிட்டால் அதன் பாதியும் தானாகத் தசமமாகிவிடும்.

ஸ்னாப் பிடித்து இழுத்த கதை

புள்ளி வைத்து ஓட்டினோம். ஓட்டைகள் சரியான இடத்தில். படத்தை முழுதாகச் சிறிதாக்கி வைத்துக்கொண்டு இன்னொரு முறை ஓட்டினோம். நான்கைந்து வட்டங்கள் எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டன.

இது வேறு பேய். கமாண்ட் மூலம் கொடுக்கும் புள்ளியை, ஆப்ஜெக்ட் ஸ்னாப் ஓடிக்கொண்டிருந்தால் ஆட்டோகேட் பக்கத்தில் இருக்கும் மையத்துக்கோ கால்வட்டப் புள்ளிக்கோ இழுத்துவிடும். பெரிதாக்கிப் பார்க்கும்போது பக்கத்தில் ஒன்றும் இல்லை, இழுக்காது. சிறிதாக்கினால் எல்லாமே பக்கம். அதனால்தான் ஒரு முறை வரும், ஒரு முறை வராது.

தம்பி, ஸ்னாப்பைக் கட்டுப்படுத்தும் ஆஸ்மோட் என்ற அமைப்பைச் சுழியமாக்கிவிட்டு, கடைசியில் பழைய மதிப்பைத் திருப்பி வைத்தார். சரியான முறைதான். மத்தியானம் அண்ணன் ஒரு ஓட்டத்தை நடுவில் எஸ்கேப் அடித்து நிறுத்தியிருக்கிறார். திருப்பி வைக்கும் வரி ஓடவே இல்லை. அதன் பிறகு அவர் போட்ட கோடுகளில் ஸ்னாப் இல்லை, அது தெரியாமல் ஒரு மணி நேரம் வரைந்துவிட்டார். என்ன பேசினார் என்பதை விட்டுவிடலாம். நட்சத்திரம்-எரர்-நட்சத்திரம் என்ற பெயரில் ஒரு கையாளியை உள்ளூர் மாறியாகவே வைத்து, எஸ்கேப் அடித்தாலும் அது ஆஸ்மோடைத் திருப்பி வைக்கும்படி எழுதுவது இதற்கான மருந்து. நான் இன்னும் ஒரு படி போய் கமாண்டையே எடுத்துவிட்டு என்ட்மேக்எக்ஸ் போட்டேன். அது வட்டத்தை நேராகப் படத்தின் தரவில் எழுதும், ஸ்னாப் அதைத் தொடாது. யூசிஎஸ் என்ற ஆய அச்சுகளைத் திருப்பி வைத்திருந்தால் மட்டும் டிரான்ஸ் போட்டுப் புள்ளியை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

அங்கேயும் தம்பிக்கு ஒரு இடி. மேற்கோள்குறி போட்ட பட்டியலுக்குள் ஆரத்தின் மாறியை எழுதியிருந்தார். மேற்கோள்குறி போட்டால் லிஸ்ப் உள்ளே எதையும் கணக்கிடாது, மாறியின் பெயர்தான் போய் உட்காரும், மதிப்பு போகாது. கான்ஸ் போட்டு (கான்ஸ் 40 ஆரம்) என்று ஜோடி கட்டினால்தான் எண் போகும். 40 என்பது ஆரத்துக்கான குறியீட்டு எண். லிஸ்ப் கற்கிற எல்லோரும் ஒரு தடவை விழுகிற குழி. நானும் விழுந்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை.

எப்படி எழுதுவது என்ற சண்டை

பழுது தீர்ந்ததும் நிரலைத் திருத்தி எழுத உட்கார்ந்தோம். அங்கேதான் மூன்று பேருக்கும் மூன்று கருத்து.

முதலில் பெயர்கள். எஸ், ஏ, பி, ஹெச் என்ற ஒற்றை எழுத்துகள் என் போர்டின் சோம்பேறித்தனம். போர்டில் இடம் கம்மி. தம்பி நீளமான ஆங்கிலப் பெயர்கள் வைக்க வேண்டும் என்றார். அண்ணன், "எனக்கு ஓட்டைன்னாத்தான் புரியும்" என்றார். ஓட்டை, பிசிடி, கோணம் என்று தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் வைத்தோம். தம்பிக்கு முகம் சுருங்கியது. ஊர் ஊராகப் போகிற நிரல் என்றால் நானும் தம்பி பக்கம்தான் நின்றிருப்பேன். இதைத் திறக்கப் போகிறவர் அண்ணன் ஒருவர்தான்.

அடுத்தது அடைப்புக்குறி. மூடும் அடைப்பு ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில், திறந்த வரிக்கு நேராக வைப்பேன் என்றார் தம்பி. லிஸ்ப் பழக்கம் அது இல்லை. மூடுபவை எல்லாம் கடைசி வரியிலேயே ஒட்டுக்கா நிற்கும், கட்டமைப்பை உள்தள்ளல் காட்டும், அடைப்பை எடிட்டர் எண்ணும். அடைப்பு எண்ணும் எடிட்டர் இருந்தால் இதில் விவாதமே இல்லை. ஆட்டோகேட்டுக்குள்ளேயே விஷுவல் லிஸ்ப் இருக்கிறது, 2021 முதல் விஎஸ் கோடிலும் எழுதலாம். அண்ணனோ நோட்பேடில்தான் எழுதுவார். நோட்பேட் அடைப்பு எண்ணாது. சாய்கோட்டுக்குப் பின் பெயர்களைச் சேர்க்கும்போது ஒரு மூடுகுறி காணாமல் போய், ஏற்றும்போது "மால்ஃபார்ம்ட் லிஸ்ட் ஆன் இன்புட்" என்று வந்தது. தேடிச் சேர்த்ததில் ஒன்று கூடிப்போய் "எக்ஸ்ட்ரா ரைட் பேரன்" என்று வந்தது. கடைசியில் பெரிய தொகுதிகள் முடிகிற இடத்தில் மட்டும் அரைப்புள்ளி போட்டு, "ரிப்பீட் முடிந்தது" என்று ஒரு வார்த்தை எழுதுவது என முடிவானது. லிஸ்ப் பெரியவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். நோட்பேடில் இரவு ஷிஃப்டுக்குப் படம் அனுப்ப வேண்டியவர் சிரிக்க மாட்டார்.

கோணத்தைக் கூட்டிக்கொண்டே போவதா, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுவதா என்பது மூன்றாவது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தசமத்தைக் கூட்டக் கூட்டக் கடைசி இலக்கங்களில் துளித்துளியாகப் பிசகு சேரும். ரிப்பீட் எண்ணி நிறுத்துவதால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் யாராவது நாளைக்கு அதைச் சுழியத்தில் ஆரம்பித்து "360-க்குக் குறைவாக இருக்கும் வரை" என்று வைல் போட்டு மாற்றினால், முதல் ஓட்டையின் மேலேயே இன்னொரு ஓட்டை விழ வாய்ப்பு உண்டு. திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், லேசர் இரண்டு தடவை வெட்டும். அதனால் தனியாக ஒரு சின்ன சார்பு:

;; 360-க்குப் பின்னால் உள்ள புள்ளியை எடுக்காதே
(டெஃபன் ஓட்டை-கோணம் (வரிசை எண்ணிக்கை)
  (* (+ வரிசை 0.5) (/ 360.0 எண்ணிக்கை)))

வரிசை சுழியத்தில் ஆரம்பம். படமும் வேண்டாம், வட்டமும் வேண்டாம், கட்டளை வரியில் (ஓட்டை-கோணம் 0 16) தட்டினால் 11.25 வரும், (ஓட்டை-கோணம் 15 16) தட்டினால் 348.75. இரண்டையும் கூட்டினால் 360. சென்டர் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற எந்த ஃபிளாஞ்சிலும் முதல் கோணமும் கடைசிக் கோணமும் கூடினால் 360 தான் வர வேண்டும். பழைய நிரலை இந்தக் கேள்வியால் சோதித்தால் 16-க்கு 11-உம் 341-உம் 352. எட்டுக்கு 22-உம் 337-உம் 359. இரண்டு நோயும் ஒரே கேள்வியில் வெளியே வந்துவிடுகின்றன. 3 முதல் 32 வரை எல்லா எண்ணுக்கும் இதை ஓட்டிப் பார்க்கும் நாலு வரி எழுதிச் சேர்த்தோம். தசமங்களை ஒப்பிடும்போது வெறும் சமக்குறி போடாமல் ஈக்வலுக்கு 0.000001 விட்டுக்கொடுத்து.

நல்ல பெயரும் உள்தள்ளலும் சாய்கோடும் இருந்திருந்தால் இந்தத் தகடு தப்பியிருக்குமா என்று தம்பி கேட்டார். தப்பியிருக்காது. ஹெச் விவகாரம் தீர்ந்திருக்கும். வகுத்தல் அழகான நிரலிலும் வெட்டித்தான் இருக்கும். ஆனால் கோணக் கணக்கு தனிச் சார்பாக இருந்திருந்தால் யாராவது ஒரு நாள் அதைத் தனியாகத் தட்டிப் பார்த்திருக்கலாம். கமாண்ட் வரிக்குள் பிணைந்து கிடந்ததால் படம் வரையாமல் அதைச் சோதிக்க வழியே இல்லை.

தகடுகள்

புது நிரலைப் போட்டுவிட்டு வந்த மூன்றாம் நாள் மறுபடி போன். வேறு ஒரு படத்தில் எட்டு ஓட்டை பழைய மாதிரியே வருகிறது என்றார்கள். ஆட்டோகேட்டின் சிறிய பதிப்பான எல்டி வைத்திருந்த இரண்டாவது கணினி அது. எல்டியில் 2024 பதிப்பிலிருந்துதான் லிஸ்ப் ஓடும். புதுப்பித்த கையோடு பழைய கோப்புறையை அப்படியே பென் டிரைவில் எடுத்துப் போட்டிருந்தார்கள். பழையதும் புதியதும் ஒரே கட்டளைப் பெயர், எது கடைசியில் ஏறுகிறதோ அதுதான் ஓடும். பழைய கோப்பை அழித்துவிட்டு, கட்டளையின் பெயரையும் மாற்றினோம். இப்போது எஃப்எல் தட்டினால் எங்கேயும் அந்தப் பழைய நிரல் ஓடாது.

எட்டு ஓட்டைத் தகடுகளை அடுக்கிலிருந்து இறக்கினார்கள். வீண் இல்லை. ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சரியாகத்தான் இருக்கின்றன, சென்டர் வெட்டு மட்டும்தான் தப்பு. டிரில்லிங் அண்ணன் ஒவ்வொன்றிலும் மேலே உள்ள இரண்டு ஓட்டைக்கும் நடுவை டிவைடரில் எடுத்து, புதுக் கோடு கீறி, பழைய வெட்டை வெல்டு வைத்து அடைக்கச் சொல்லிவிட்டார். 16 ஓட்டைத் தகடு மட்டும் பழைய இரும்புக்குப் போனது.

வெட்டை அடைக்கிற வேலை வெல்டரிடம்தான் வந்தது. எதற்கு என்று யாரும் அவரிடம் விளக்கவில்லை. அவராகவே கேட்டுத் தெரிந்துகொண்டார். சாயங்காலம் முக்குப் பேக்கரியில் எங்கள் நாலு பேருக்கும் டீயும் தேங்காய் பன்னும் சொல்லிவிட்டு, காசு மட்டும் என்னைக் கொடுக்கச் சொன்னார்.